மூணு சேனல் 57, பத்து சேனல் 55

டிவியில் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் ஒரு பிரச்சினையா தோழர் என்று கேட்பவர்கள் உண்டு. நிலம், கூலி, படிப்பு, வன்கொடுமை என்று ஆயிரம் கிடக்க, சேனல் கணக்கு எதற்கு என்பார்கள். எங்க தெருவில் கேபிள் இல்லாத வீடு குறைவு. கூலி வேலைக்குப் போறவங்க வீட்டிலிருந்து மாசாமாசம் இருநூறு ரூபாய்க்கு மேல் போகிறது. அந்தப் பணத்துக்கு எதை வாங்குகிறோம் என்று தீர்மானிக்கிற உரிமை எங்களுக்கு வேண்டும் என்கிறேன்.

2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. பெட்டி இலவசம், கம்பிக்கு மாதக் கட்டணம். 2011-இல் ஜெயலலிதா அரசு, அரசு கேபிள் வழியாக 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் எது வேண்டும் என்று அப்போதும் யாரும் எங்களைக் கேட்கவில்லை.

கட்டணச் சேனலை நாமே தேர்ந்தெடுக்கும் முறை சென்னையில் 2003-இலேயே செட்டாப் பாக்ஸோடு வந்தது. நாடு முழுக்க 2019 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்தது. அப்போது 100 சேனல் வரையிலான இணைப்புக்கு 130 ரூபாயும் வரியும். கட்டணச் சேனலுக்குத் தனித்தனி விலை. சன் டிவி அப்போது 19 ரூபாய். இலவசச் சேனல் போதும் என்றால் 130-ஓடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். எழுத்தில் நல்ல விதிதான்.

எங்க பகுதிக் கேபிள்காரர் விண்ணப்பம் எதுவும் தரவில்லை. பேக்கேஜ் போட்டாச்சு, இவ்வளவு பணம் என்றார். தனியாக் கேட்டால் “அதெல்லாம் ஆகாதுப்பா, இன்னும் ஜாஸ்தியா வரும்” என்று பதில். ரசீது கேட்ட பசங்க வீட்டுக்கு ரெண்டு நாள் லைன் வரவில்லை. கம்பி ஊருக்குள்ளிருந்துதான் சேரிக்கு வருகிறது என்பதை மறக்க வேண்டாம். கோயில் வரியை நம்ம கையிலிருந்து வாங்கினா உரிமை தரவேண்டி வருமேன்னு வாங்காத ஊர்கள் உண்டு. கேபிள் பணத்துக்குத் தீட்டு கிடையாது, உரிமையும் கிடையாது.

ஆனாலும் ‘ஜாஸ்தியா வரும்’ என்று அவர் சொன்னது பொய்யில்லை. சூது அங்கேதான் இருக்கிறது. தனித்தனியாக நூறு ரூபாய் விலை வருகிற பத்து சேனலை ஒரு கம்பெனி பேக்கேஜாகக் கட்டுகிறது என்று வையுங்கள். 2022 நவம்பரில் டிராய் திருத்திய விதிப்படி 45 விழுக்காடு தள்ளுபடி கொடுத்து 55 ரூபாய்க்கு விற்கலாம். எனக்கு வேண்டியது அதில் 19 ரூபாய்ச் சேனல் மூன்று. தனியாக எடுத்தால் 57! மூணு மட்டும் போதும் என்பவன் பத்தையும் எடுப்பவனைவிட அதிகம் கட்டுகிறான். பேக்கேஜ் விலை, தனி விலைகளின் கூட்டுத்தொகையில் 85 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று டிராய் முதலில் விதித்திருந்தது. பெரிய சேனல்காரர்கள் வழக்குப் போட்டார்கள்; 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வரம்பைச் செல்லாது என்றது.

தனித்தனியாக விற்றால் சின்னச் சேனல்கள் செத்துப்போகும், சிறுபான்மைக் குரல் அழியும் என்றொரு வாதம் இருக்கிறது. முதலாளிகளுக்குச் சிறுபான்மை மேல் இவ்வளவு பாசமா! பேக்கேஜுக்குள் இருப்பது எந்தச் சின்னச் சேனல்? அதே கம்பெனியின் பாட்டுச் சேனல், சிரிப்புச் சேனல், குழந்தைச் சேனல். ஒரு தலித் கலைக்குழு நடத்துகிற சேனலைத் தூக்கிச் சுமக்கிற பேக்கேஜ் எதையும் நான் பார்த்ததில்லை. மாதக் கட்டணமே இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அதில் இந்திதான் கொடிகட்டிப் பறக்குது.

தேர்ந்தெடுக்கும் உரிமை வந்துவிட்டால் சீரியலில் சேரிப் பெண் கதாநாயகி ஆகிவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. நம்மை வேலைக்காரியாகவும் ரவுடியாகவும் காட்டுகிறவனிடம் ‘உனக்குக் காசு கிடையாது’ என்று சொல்ல இன்றைக்கு வழியில்லை. பிடிக்காவிட்டால் ரிமோட்டில் மாற்றலாம். பணம் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

நாம் தனியாக எடுக்கிற சேனல்களின் மொத்த விலை, அவை அடங்கிய பேக்கேஜின் விலையைத் தாண்டக் கூடாது என்று டிராய் விதி செய்ய வேண்டும். சேனல்வாரியாக விலை போட்ட ரசீது தமிழில் தரவேண்டும். மாணவத் தோழர்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது, தெருவில் நாலு வீட்டிலாவது உட்கார்ந்து இந்த 57, 55 கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்த வீட்டுப் பெண்களையே சொல்லச் சொல்லி எழுதி வாங்குங்கள்.