பட்டியலில் இல்லாத வேரியபிள்கள்

விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கறுப்புச் சன்னலைத் திறந்து 'செட்' என்று மட்டும் தட்டி என்டரை அழுத்துங்கள். ஒரு பட்டியல் ஓடும். பயனர் பெயர், கணினியின் பெயர், தற்காலிகக் கோப்புகள் போய்ச் சேரும் இடம், புரோகிராம்களை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்று சொல்லும் 'பாத்'. பெரும்பாலும் இவற்றில் ஒன்றைக்கூட நீங்களாக அமைத்திருக்க மாட்டீர்கள். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த இந்த என்விரான்மென்ட் வேரியபிள் ஏற்பாட்டை 1983இல் எம்எஸ்-டாஸ் 2.0 எடுத்துக்கொண்டது. அன்றைய 'பாத்', ஷெல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'காம்ஸ்பெக்' இரண்டும் இன்றைய விண்டோஸிலும் உயிரோடு இருக்கின்றன. பட்டியலில் 'புராசசர் ஆர்க்கிடெக்சர்' என்ற வரியையும் பாருங்கள். இன்டெல் சிப் போட்ட கணினியிலும் 'ஏஎம்டி64' என்றே இருக்கும். காரணம், இந்த வகைச் சிப்களின் 64 பிட் நீட்சியை வடிவமைத்தது போட்டி நிறுவனமான ஏஎம்டி. பிறகுதான் இன்டெல் அதை ஏற்றது.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தப் பட்டியலில் வராத பெயர்களைப் பற்றி. டேட், டைம், ராண்டம், சிடி, எரர்லெவல். தேடினாலும் பட்டியலில் கிடைக்காது. இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே போட்டு 'எக்கோ' செய்தால் மட்டும் பதில் வரும். இவற்றின் மதிப்பு மற்ற வேரியபிள்களோடு சேமித்து வைக்கப்படுவதில்லை. கேட்கும்போதுதான், கட்டளைகளை இயக்கும் ஷெல் கணக்கிட்டுத் தருகிறது. 'செட் /?' உதவிக் குறிப்பின் கடைசியில் எல்லாம் எழுதியிருக்கிறது. அதுவரை பொறுமையாகப் படிப்பவர் யார்?

கட்டளைகளை வரிசையாகச் சேர்த்து பேட்ச் கோப்பு எழுதுகிறவர்கள் முதலில் சிக்குவது டேட்டில்தான். இந்திய அமைப்பு வைத்த கணினியில் அது 14-08-2025 என்று தரும். ஆறு எழுத்துகளைத் தள்ளி அடுத்த நான்கை எடுத்தால் ஆண்டு கிடைத்துவிடும். அதே கோப்பை அமெரிக்க அமைப்புள்ள சர்வரில் ஓட்டினால், முன்னால் கிழமையும் நடுவில் சாய்கோடும் வந்துவிடுவதால், அதே இடத்தில் அகப்படுவது '/14/'. சாய்கோட்டைக் கோப்பின் பெயரில் வைக்க முடியாது. தேதியைப் பெயரில் சேர்த்து எடுக்கும் பேக்கப் அங்கேயே நின்றுவிடும். டைம் இதைவிடக் குறும்பு. காலை பத்து மணிக்கு முன், ஒற்றை இலக்க மணிக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் வெற்றிடம் விடும். மதியம் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது இரவு இரண்டு மணிக்கு உடைவதன் ரகசியம் பல அலுவலகங்களில் இதுதான். தேதியைப் பவர்ஷெல்லின் 'கெட்-டேட்' கட்டளையிடம், வேண்டிய வடிவத்தைச் சொல்லி வாங்கிக்கொள்வதே உத்தமம்.

ராண்டம் 0 முதல் 32767 வரை ஓர் எண் தரும். விளையாட்டுக்குச் சரி, கடவுச்சொல்லுக்கு உதவாது.

உண்மையில் ஆபத்தானது எரர்லெவல். முந்தைய கட்டளை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண் அது; பொதுவாகப் பூஜ்யம் என்றால் வெற்றி. ரோபோகாப்பி மட்டும் வேறு கணக்கு வைத்திருக்கிறது. கோப்புகளை நல்லபடியாக நகலெடுத்தாலே 1 தரும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் தோல்வி. அந்த 1ஐப் பார்த்துப் பதறுகிறவர்கள் 'செட் எரர்லெவல்=0' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். ஷெல் தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது. அந்தப் பெயரில் ஒரு சாதாரண வேரியபிளை உண்டாக்கிவிட்டு உண்மையான எண்ணை அதன் பின்னால் மறைத்துவிடும். அதற்குப் பிறகு வட்டு நிரம்பினாலும் நெட்வொர்க் அறுந்தாலும், சதவீதக் குறி போட்டுக் கேட்டால் பூஜ்யம்தான் வரும். லாக் கோப்பு தினமும் 'வெற்றி' என்று எழுதிக்கொண்டிருக்கும். தனக்கே உரிய பெயர்களைக்கூடக் காத்துக்கொள்ளாத ஷெல்லைப் பழைய கோப்புகளுக்கான விசுவாசம் என்று சொல்லி மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் அலுவலகத்தில் இரவில் தானாக ஓடும் பேட்ச் கோப்பு இருந்தால், அதில் 'செட் எரர்லெவல்=0' என்ற வரி இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இருந்தால் அழித்துவிடுங்கள். பூஜ்யம்தான் வேண்டுமென்றால் 'சிஎம்டி /சி எக்ஸிட் 0' என்று எழுதினால் போதும்.