ஓவனைப் பிரிக்க வேண்டாம், கம்ப்யூட்டர் இருக்கிறது!

பழுதான மைக்ரோவேவ் ஓவனைப் பிரித்துப் பார்க்கும் ஆசை, எங்கள் சிட்லபாக்கத்து மாணவர்கள் சிலருக்கு உண்டு. வேண்டவே வேண்டாம் என்பேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம், உயிரே போகும். உள்ளே நடப்பதை அறிய, புதிதாக வாங்கிய உங்கள் கம்ப்யூட்டரே போதும் என்பது என் கருத்து.

ஓவனில் மைக்ரோவேவை உண்டாக்குவது மேக்னட்ரான் என்ற குழாய். அதில் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வளைந்து ஓடி, தம் ஆற்றலை அலைக்குத் தருகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹார்ட்ரீயின் குழு, மேசைக் கால்குலேட்டர்களை வைத்தே இப்பாதைகளைக் கணக்கிட்டது. நம் நாட்டில் பிலானியிலுள்ள சீரி ஆய்வகம், 1 கிலோவாட் ஓவனைப்போல் 200 மடங்கு சக்தியுள்ள 42 கிகாஹெர்ட்ஸ் கைரோட்ரான் குழாயை வடிவமைத்தது கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துத்தான். இதற்கு சிமுலேஷன் என்று பெயர்.

நீங்கள் இலவச லிப்ரே ஆபீஸ் கால்க்கில் தொடங்கலாம். ஒரு எலெக்ட்ரானின் இடத்தையும் வேகத்தையும் ஒரு வரியில் கொடுங்கள். நொடியின் மிகச்சிறு பகுதிக்குப் பின் அவை எவ்வளவு என்பதை அடுத்த வரியில் பார்முலாவாக எழுதி, கீழே காப்பி செய்யுங்கள். சார்ட் போட்டால் பாதை தெரியும்.

கோடிக்கணக்கான எலெக்ட்ரான்களுக்கு வார்ப்எக்ஸ் போன்ற இலவச புரோகிராம்கள் உள்ளன. ஆனால் அவசரப்படாதீர்கள். முப்பரிமாணத்தில் கட்டத்தின் பக்க அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்காகும், ராம் போதாது.

ஒன்றை மறக்க வேண்டாம். காந்தப்புலத்தைத் தவறாகக் கொடுத்தால், கம்ப்யூட்டர் தவறான பாதையையும் அழகாகவே வரையும். ஆனால் அந்தத் தவறால் யாருக்கும் ஷாக் அடிக்காது!