'கோ அரவுண்ட்' என்று சொன்ன பிறகு

2010 மே 22, காலை ஆறு மணி கடந்த நேரம். துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-800 விமானம், ஓடுதளத்தை நெருங்கியபோது இருக்க வேண்டிய உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தது. துணை விமானி அதைக் கவனித்துவிட்டார். தரையிறங்க வேண்டாம், மீண்டும் மேலே போய்ச் சுற்றி வருவோம் என்ற பொருளில் 'கோ அரவுண்ட்' என்று மூன்று முறை சொன்னார். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் விடாமல் குரல் கொடுத்தது. கேப்டன் இறக்கிக்கொண்டே போனார். 8,038 அடி நீள ஓடுதளத்தில் சுமார் 5,200 அடியைக் கடந்த பிறகுதான் சக்கரங்கள் தரையைத் தொட்டன. குன்றின் உச்சியில் அமைந்த அந்த ஓடுதளத்துக்கு அப்பால் பள்ளம். விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள்.

பயணத்தில் கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்தார் என்பதே அப்போது தலைப்புச் செய்தியானது. ஏர் மார்ஷல் பி.என். கோகலே தலைமையிலான விசாரணை அறிக்கையில் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தரையிறங்குவதைக் கைவிடத் துணை விமானிக்கு உள்ள அதிகாரம் பற்றிய விதிமுறைகள் தெளிவாக இல்லை. அதனால்தான் அவர் சொல்லிக்கொண்டே இருந்தாரே தவிர, கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை போலும் என்றது அறிக்கை. ஆபத்தைக் கண்டுகொண்டவருக்குத் தடுக்கும் உரிமை தனக்கு உண்டா என்பதே தெரியவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோட்டில் அதே நிறுவனத்தின் விமானம் மழையில் இறங்கியது. அங்கும் குன்றின் மேல் ஓடுதளம். அங்கும் துணை விமானி 'கோ அரவுண்ட்' என்றார். அங்கும் கேப்டன் கைவிடவில்லை, துணை விமானி கட்டுப்பாட்டை எடுக்கவுமில்லை. 21 பேர் இறந்தார்கள், இரு விமானிகளும் அதில் அடக்கம். இரண்டு விமானிகளுக்கும் இடையிலிருந்த அதிகார ஏற்றத்தாழ்வையும் விசாரணை சுட்டிக்காட்டியது. 158 உயிர்களை விலையாகக் கொடுத்து எழுதிய ஒரு பாடம், பத்தாண்டுகளில் விமானி அறையைப் போய்ச் சேரவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உயரக் கட்டுப்பாடு என்பது எளிய கணக்கு. மூன்று டிகிரி சரிவில் இறங்கும் விமானம் ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி இறங்கும். ஓடுதளத்துக்குப் பத்து கடல் மைல் தொலைவில் அது சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்க வேண்டும். மேகமோ மழையோ இருந்தால், 1,000 அடிக்கு வரும்போது வேகம், சரிவு, சக்கரம் எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே போய்விட வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் உயரத்தைச் சத்தமாகச் சொல்லுவது இதற்காகத்தான். கடைசி வரம்பான உயரத்தில் ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், அதற்குக் கீழே ஓர் அடிகூட இறங்கக் கூடாது.

அந்த வரம்பை மீறியதன் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுதளம் தெரியாத நிலையிலேயே வரம்புக்குக் கீழே இறங்கி, மின்கம்பிகளில் மோதி விழுந்தது. மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம், கோவை எம்.பி. கே. பாலதண்டாயுதம் உட்பட 48 பேரை இழந்தோம். அடுத்த ஆண்டு டிசம்பரில், கொழும்பில் இறங்க வந்த மார்ட்டின் ஏர் விமானம் தான் எங்கே இருக்கிறது என்பதைத் தவறாகக் கணித்து, இலங்கை மலையகத்தின் சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

தெரிந்தும் ஏன் இறங்குகிறார்கள்? ஓடுதளம் கண்ணெதிரே இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று. எரிபொருள், நேரம், மேலதிகாரியின் கேள்வி எல்லாம் மனதில் நிற்கின்றன. சரியாக அமையாத தரையிறக்கங்களில் சுமார் மூன்று விழுக்காடுதான் கைவிடப்படுகின்றன என்று விமானப் பாதுகாப்பு ஆய்வுகள் சொல்கின்றன. மீதியில் பெரும்பாலானவை தப்பித்துவிடுவதாலேயே அது பழக்கமாகிவிடுகிறது.

கைவிடுவது எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சுண்ணாம்புக்குளம் முதலான பழவேற்காடு ஏரிக்கரை ஊர்கள் பக்கத்திலிருந்தே அறிந்தவை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் இந்த ஊர்களின் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். அந்த நாளின் பிழைப்பு போகும். 2019 ஜூலை 15 அதிகாலை, குடியரசுத் தலைவர் நேரில் வந்து அமர்ந்திருக்க, நாடே விழித்திருக்க, சந்திரயான்-2 ஏவுதலை 56 நிமிடம் 24 விநாடி மீதமிருக்கும்போது நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 அன்று அது பத்திரமாகப் புறப்பட்டது. நிறுத்தியதற்காக இஸ்ரோவை யாரும் குறைவாக நினைக்கவில்லை. அந்த மரியாதை ஒரு துணை விமானியின் குரலுக்கும் கிடைக்க வேண்டும்.

இரண்டு முறை எச்சரித்தும் சரியான பதில் வரவில்லையென்றால் கட்டுப்பாட்டைத் துணை விமானி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறை விமான உலகுக்குப் புதிதல்ல. புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. சிமுலேட்டரில் கேப்டன் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்க, இளைய விமானி தயங்காமல் கையை நீட்டும்வரை அந்தப் பயிற்சியைத் திரும்பத் திரும்பத் தர வேண்டும். சுற்றி வந்த விமானிக்கு விளக்கம் கேட்கும் கடிதம் போகக் கூடாது. உயரம் தவறியும் இறங்கிய ஒவ்வொரு விமானத்தின் பதிவையும், அது பத்திரமாக இறங்கியிருந்தாலும், எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும்.