வாடகை இசையும் வன்னியின் பாட்டும்

ஒரு கலைப்படைப்பை ஆக்கியவர் யார், நுகர்ந்தவர் யார் என்னும் வினாக்களோடு, அதற்குரிய பணம் எவர் கையைச் சென்றடைகின்றது என்னும் வினாவையும் எழுப்புதல் சமூக நோக்குடையோர் கடனாகும். இசையைப் பொறுத்தவரை இம்மூன்றாவது வினாவை எம்மவர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. மாதந்தோறும் ஒரு தொகையைச் செலுத்தி இணையவழி இசைச் சேவையொன்றில் உறுப்பினராகிவிட்டால் கலைஞனுக்குச் செலுத்தவேண்டிய கடன் தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் பல்கலைக்கழக மட்டத்தில் வேரூன்றி வருகின்றது. இவ்வெண்ணம் தவறானது என்பதும், வன்னியைப் பொறுத்தவரை தீங்கானது என்பதும் எமது வாதம்.

இசைக்கு விலைகொடுத்தல் கூடாதென்று நாம் கூறவில்லை. 1990களில், மின்சாரமின்றி, பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைக்காதிருந்த காலத்தில், சைக்கிளின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் எம்மக்கள். பாட்டொன்றைக் கேட்பதற்கு உடலுழைப்பையே விலையாகக் கொடுத்தவர்களுக்கு, இசை இலவசப் பொருளன்று என்பதை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. பின்னர் இறுவட்டுகளிலும் நினைவக அட்டைகளிலும் பாடல்களை நூற்றுக்கணக்கிற் பிரதிபண்ணி விற்ற காலத்திலே, பாடியவனுக்கும் இசையமைத்தவனுக்கும் ஒரு சதமேனும் சென்றடையவில்லை. 2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிபை இலங்கையிற் செயற்படத் தொடங்கியமை அந்நிலையினும் மேலானதே. ஆயின், திருட்டினும் மேலானது என்பதனால் ஒன்று நீதியாகிவிடாது.

முதலாவதாக, பணம் பங்கிடப்படும் முறையை நோக்குவோம். உறுப்பினர் செலுத்தும் சந்தாப் பணம் ஒரே நிதியத்திற் சேர்கின்றது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளருக்கென ஒதுக்கப்பட்டு, மொத்தக் கேட்புத்தொகையில் ஒவ்வொருவருக்கும் உள்ள விகிதாசாரப்படி பகிரப்படுகின்றது. ஆகவே, ஒரு மாணவன் மாதம் முழுவதும் முல்லைத்தீவுக் கலைஞர் ஒருவரின் பாடலை மட்டுமே கேட்டாலும், அவன் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி அவன் ஒருபோதும் கேட்டிராத உலகப் புகழ்பெற்ற பாடகர்களையும் பெரும் இசைக் கம்பனிகளையுமே சென்றடைகின்றது. "நான் கேட்டவனுக்கு நான் கொடுத்தேன்" என்னும் மனநிறைவு வெறும் மயக்கமே.

இரண்டாவதாக, எண்ணிக்கையின் கொடுமை. 2023 நவம்பரில் அறிவித்து 2024 தொடக்கத்தில் அச்சேவை நடைமுறைப்படுத்திய விதியின்படி, முந்திய 12 மாதங்களில் 1,000 தடவையேனும் கேட்கப்படாத ஒலிப்பதிவுக்குப் பங்கு கிடையாது. அப்பங்கு ஏனைய பாடல்களுக்குப் போய்ச் சேரும். அதாவது, இல்லாதவனிடமிருந்து எடுத்து உள்ளவனுக்குக் கொடுப்பது விதியாக்கப்பட்டுள்ளது. மேலும், முப்பது வினாடி கேட்டால் அது ஒரு கேட்பு. ஒரு மணிநேரப் பதிவு முழுவதையும் கேட்டாலும் அதுவும் ஒரு கேட்பே. மூன்று நிமிடச் சினிமாப் பாடலுக்கு இக்கணக்குப் பொருந்தலாம். விடிய விடிய ஆடப்படும் முல்லைமோடிக் கோவலன் கூத்துக்கு இது எவ்வாறு பொருந்தும்? அக்கூத்தை ஊரார் கேட்பது களரியிலன்றிக் கைத்தொலைபேசியிலன்று. ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக மனத்தில் ஏந்திய பாட்டு, கம்பனியின் கணக்கேட்டிற் பூச்சியமாகிவிடுகின்றது. அருவிவெட்டுப் பாடலுக்கும் ஒப்பாரிக்கும் நேர்வது இதுவே.

மூன்றாவதாக, உடைமை பற்றிய பிரச்சினை. "இழந்த ஊரிலே பொருளை வைத்திருப்பதைவிட இணையத்தில் வைத்திருப்பதே பாதுகாப்பு" என்பர் சிலர். இவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, பின் செட்டிகுளம் முகாம்களை அடைந்த குடும்பங்கள், ஒலிநாடாக்களையும் கையெழுத்துக் கொப்பிகளையும் சுமந்துவர முடியவில்லை. ஆயின் சந்தாச் சேவையிற் 'தரவிறக்கம்' எனப்படுவது உடைமையாதலன்று. முப்பது நாளுக்கு ஒரு தடவையேனும் இணையத்தோடு தொடர்புகொள்ளாவிடின் அப்பதிவு இயங்காது. சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். பத்தாண்டு வாடகை செலுத்தியவனுக்கு ஒரு பாடலேனும் சொந்தமில்லை. அயலவர் களஞ்சியமும் என்றும் நிலைப்பதன்று. மைஸ்பேஸ் என்னும் தளம், 2015 ஆம் ஆண்டுக்கு முன்னர் ஏற்றப்பட்டிருந்த கோடிக்கணக்கான பாடல்கள் தன் சேவையக மாற்றத்தின்போது அழிந்துபோயின என்பதை 2019 இல் ஒப்புக்கொண்டது. குண்டு விழாத நாட்டிலும் களஞ்சியம் அழியும் என்பதற்கு இது சான்று.

"அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது?" என வினவலாம். சேவையைப் புறக்கணியுங்கள் என்பது எமது விடையன்று. உலக இசையைக் கேட்பதற்கு அது பயன்படட்டும். எம்மிசையைக் காக்கும் பொறுப்பை மட்டும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு உறங்குதல் ஆகாது. 2021 ஆகஸ்டில் வவுனியாவுக்குத் தனியானதொரு பல்கலைக்கழகம் கிடைத்துள்ளது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் உள்ளது. அண்ணாவிமாரிடமும் முதிய பெண்களிடமும் சென்று, அவர்தம் சம்மதத்தோடும் பெயரோடும் பாடல்களைப் பதிவுசெய்து, அதற்குரிய ஊதியத்தை அவர்தம் கையிலேயே கொடுத்தல் வேண்டும். ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்திலும், ஒரு பிரதி 2005 முதல் தன்னார்வத் தொண்டாய் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்திலும், ஒரு பிரதி பாடியவர் வீட்டிலும் இருக்கட்டும். ஓரிடம் அழிந்தாலும் ஈரிடம் எஞ்சும். இளங்கலைஞர் வெளியிடும் பாடலை அவரிடமிருந்தே நேரடியாக விலைக்கு வாங்குதல் வேண்டும். ஒரு மாதச் சந்தாவை அவ்வாறு செலவிட்டாலும், இடையிற் பங்குகொள்வோர் எவருமின்றி அது அவரைச் சென்றடையும்.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு சொல். நாட்டார் பாடலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எழுத்தாக அச்சிட்டால் மட்டும் அது வாழ்ந்துவிடாது. ராகமும் குரலும் இழந்த பாட்டு எலும்புக்கூடே. களஆய்வு செய்யும் மாணவரிடம் ஒலிப்பதிவையும் சேர்த்துக் கோருங்கள். அதைப் பேணும் பொறுப்பைத் துறை ஏற்கட்டும்.

தைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறை, தன் உழைப்பால் இசையைத் தன்னதாக்கிக்கொண்டது. விரலசைவிற் கோடிக்கணக்கான பாடல்களைப் பெற்றுள்ள இத்தலைமுறை, தன் ஊர்ப்பாட்டு ஒன்றையேனும் காத்துக் கொடுக்குமா? கூத்தறிந்த முதியோர் மறைவதற்கு முன்னரே அதற்கு விடை காணவேண்டும்.