108 துண்டுப் பெட்டி வேண்டாம், முதலில் ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ஜாக்கி பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

நம் குடும்பக் குழுவில் மருமகன் ஒருவர் போன வாரம் ஒரு படம் போட்டிருந்தார். நீலப் பெட்டி, உள்ளே பளபளவென்று 108 துண்டு கருவிகள், தள்ளுபடி விலை. "மாமா, பழைய ஸ்விஃப்ட் ஒண்ணு வாங்கியிருக்கேன். சின்னச் சின்ன வேலையை நானே பாத்துக்கலாம்னு இருக்கேன். இதை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். ஏன் சார், ஏன் மாமா என்று நாலைந்து பேர் தனியாகக் கேட்டுவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

தானே வேலை பார்க்க வேண்டும் என்ற அவருடைய ஆசையில் எனக்கு முழுச் சம்மதம். பெட்டியில்தான் சம்மதமில்லை. அந்த மாதிரிப் பெட்டிகளில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது சின்னச் சின்னத் திருப்புளி முனைகள்தான். காரில் தினம் வேலைக்கு வருவது விரல்விட்டு எண்ணும் அளவுகளே. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா போன்ற வண்டிகளில் 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான போல்ட்டுகளைத் தொட்டுவிடலாம். ஹூண்டாய் சக்கரத்துக்கு 21 வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: 10, 13, 16, அதோடு நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனைகள்.

ஆகவே பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், வேலையைப் பார்த்து வாங்குங்கள். இந்த மாதம் பேட்டரி முனையைச் சுத்தம் செய்யப் போகிறீர்களா? ஒரு 10 எம்எம் ஸ்பேனர் போதும். அடுத்து ஸ்பார்க் பிளக் மாற்றப் போகிறீர்களா? அதற்கான சாக்கெட்டும் நீட்டிப்புக் கம்பியும் அப்போது வாங்கலாம். ஒரு வருடத்தில் உங்கள் வண்டிக்கே உரிய கருவிப்பெட்டி தானாகச் சேர்ந்திருக்கும். அதில் பயன்படாத துண்டு ஒன்றுகூட இருக்காது.

ஒன்றிரண்டு வாங்கும்போது தரமாக வாங்க முடியும், அதுதான் பெரிய லாபம். தபாரியா, ஜேகே போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகள் ஹார்டுவேர் கடைகளில் சில்லறையாகவே கிடைக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கவே இருக்கின்றன. சாக்கெட் வாங்கும்போது உள்பக்கம் பாருங்கள். ஆறு மூலை உள்ளதையே எடுங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது போல்ட் தலையின் ஓரத்தை மட்டும் பிடிக்கும், துருப்பிடித்த போல்ட்டில் வழுக்கித் தலையை உருட்டிவிடும். தலை உருண்ட ஒரு போல்ட்டைக் கழற்றக் கொடுக்கும் கூலியில் நல்ல சாக்கெட் நாலு வாங்கலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். வண்டியின் கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான். உள்ளே ஒரு ரப்பர் சீல் கிழிந்தால் எண்ணெய் கசிந்து ஜாக்கி இறங்கிவிடும், ஒரு டன் எடையோடு. நம் ஊரில் செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அண்டக் கொடுப்பதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதே நெஞ்சு பதறுகிறது. ஹாலோ பிளாக் விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

எனவே என் கணக்கில் முதல் பணம் ஸ்பேனருக்கு அல்ல, ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டுக்கு. சமமான சிமெண்ட் தரை, கைப்பிரேக், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, அப்புறம்தான் ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கி, கையால் அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் அது கொஞ்சம் இடம் காப்பாற்றித் தரும். கையில் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, ஸ்டாண்டா ஸ்பேனரா என்று கேட்டால், ஸ்டாண்டு வாங்கும்வரை வண்டிக்கு மேலே உள்ள வேலைகளை மட்டும் பாருங்கள் என்பேன்.

சக்கர நட்டுக்கு வருவோம். திருப்புத்திறன் என்பது விசை பெருக்கல் தூரம் என்று வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? சிறிய கார்களில் சக்கர நட்டை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குவார்கள். வண்டியோடு வரும் 25 சென்டிமீட்டர் கைப்பிடியில் அதைத் திருப்ப 40 கிலோவைத் தூக்கும் விசை வேண்டும். 50 சென்டிமீட்டர் கைப்பிடி என்றால் பாதி போதும். ஆனால் பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்குபவர்கள் 100-இல் நிறுத்துவதில்லை. அந்த நட்டு இரவு பத்து மணிக்கு பைபாஸில் நம் வீட்டுப் பெண் பிள்ளையின் கைக்குக் கழலவே கழலாது. டயர் கடைக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும், வீட்டு வாசலில் உங்கள் ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே செய்யலாம், ஐந்து நிமிடம் ஆகாது. நீளமான கைப்பிடி ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள், முக்கியமாக மகள்களின் வண்டியில்.

கருவி என்றாலே இரும்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் பேட்டரி விஷயத்தில் உங்களை ஏமாறாமல் காக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடியும் 12-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பக்கம், பேட்டரியை மாற்றிப் பயனில்லை. உறவினர் ஒருவருக்கு ஒரு கடையில் ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி விற்றிருந்தார்கள். மீட்டரை வைத்தபோது 11.8.

ஸ்டீரிங்குக்குக் கீழே செருகும் ஓபிடி ரீடரும் அப்படி ஒன்று. எஞ்சின் விளக்கு எரிந்தால் செல்போனிலேயே குறியீட்டைப் படிக்கலாம். ஆனால் அது நோயின் அறிகுறியைத்தான் சொல்லும், நோயைச் சொல்லாது. பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் எரிதல் சரியில்லை, அவ்வளவுதான். உடனே பொருள் வாங்க ஓடக் கூடாது. எஞ்சின் ஆறியபின் முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுங்கள், இரண்டாவதை முதலில் மாட்டுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0302 என்று மாறி வந்தால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கைப் பாருங்கள். ஆய்வகத்தில் நாம் செய்த அதே வேலைதான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

ஒர்க்ஷாப் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர், "சார், எங்க பொழப்புல மண்ணைப் போடுறீங்களே" என்று சிரித்தார். அப்படி இல்லை தம்பி. வாடிக்கையாளருக்கு நட்டு எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று தெரிந்தால்தான் உன் கூலியில் பேரம் பேசாமல் கொடுப்பார். மேலும் ஏர்பேக், ஏசி கேஸ், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், மின்சாரக் காரின் ஆரஞ்சு நிறக் கேபிள் எல்லாம் உன்னுடையவைதான். அவற்றில் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. பிரேக்கும் அருகில் நின்று யாராவது கற்றுக்கொடுக்கும்வரை அப்படியே.

ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் கருவிகளை ஆளுக்கொன்று வாங்குவதும் வீண். தெருவுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று இருந்தால் போதும். என்னிடம் டார்க் ரெஞ்ச் ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் தாராளமாக எடுத்துப் போகலாம். அதைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தாதீர்கள், கடைசியாக இறுக்க மட்டும். திருப்பித் தரும்போது ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அளவுகோலில் மிகக் குறைந்த எண்ணில் வைத்துத் தாருங்கள்.