மொட்டை டயருக்கு சவுரி

சாந்தோம் சர்ச் வாசலில் ஒரு பத்து நிமிடம் நிற்க முடியுமா உங்களால்? கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தது போதும். கொஞ்சம் குனிந்து, ரோட்டோரம் நிற்கிற டூ வீலர்களின் பின் சக்கரத்தை மட்டும் பாருங்கள். பார்த்துக்கொண்டே பட்டினப்பாக்கம் வரை நடங்கள்.

மூன்று ரகம் தெரியும். ஒன்று, பட்டன் நன்றாக இருக்கிற டயர். இரண்டாவது, தேய்ந்து மொட்டையாகிப் போனது. மூன்றாவது ரகம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தள்ளி நின்று பார்த்தால் புதுசு. கிட்டே போனால் கோடுகள் மட்டும்தான் புதுசு, டயர் பரம கிழடு. மொட்டைத் தலைக்கு சவுரி வைத்த மாதிரி.

எப்படி வைக்கிறார்கள்? மின்சாரத்தில் சூடாகும் ஒரு கருவி. முனையில் 'ப' மாதிரி வளைந்த பிளேடு. பழைய கோடு போன வழியிலேயே இழுத்தால் ரப்பர் நாடா நாடாவாக உரிந்து வரும். மேலே கொஞ்சம் கறுப்பு பாலிஷ். அவ்வளவுதான். 'செகண்ட் ஹேண்ட் சார், நல்ல கண்டிஷன், இன்னும் ஒரு வருஷம் கவலையே இல்ல!'

ஒரு வருஷம் டயருக்கா, ஓட்டுகிறவருக்கா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

டயர் என்பது வெறும் ரப்பர் வளையம் இல்லை. உள்ளே நைலான் நூல் அடுக்கு இருக்கிறது. காற்றின் அழுத்தத்தையும் உங்கள் எடையையும் தாங்குவது அந்த நூல்தான். மேலே இருக்கிற பட்டன், தேய்வதற்கென்றே வைத்தது. பட்டனுக்கும் நூலுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு ரப்பர் படுகை உண்டு. அது தேய்வதற்கு அல்ல, காவலுக்கு. கோடு வெட்டுகிறவர் சுரண்டி எடுப்பது அந்தக் காவலைத்தான். மொட்டை டயரையாவது பார்த்தால் பயம் வரும். கோடு வெட்டிய டயர் அந்தப் பயத்தையும் எடுத்துவிடுகிறது. ஆபத்தைக் கூட்டி, எச்சரிக்கையை அழிக்கிற இந்த வேலைக்கு நாம் வைத்திருக்கிற பெயர், சிக்கனம்!

'லாரிக்காரங்க வெட்டறாங்களே?' என்று கேட்பீர்கள். சில லாரி டயர்களின் பக்கவாட்டில் 'ரீகுரூவபிள்' என்று அச்சிட்டிருக்கும். வெட்டுவதற்காகவே அடியில் கூடுதல் ரப்பர் வைத்து வார்த்த டயர்கள் அவை. உங்கள் டூ வீலர் டயரில் அந்த வார்த்தை இருக்கிறதா? தேடிப் பாருங்கள். கிடைக்காது.

*

உடனே ஒரு கோபம் வரும். 'ஏழை வயித்துல அடிக்காதீங்க சார். பழசை ரிப்பேர் பண்ணி ஓட்டறது தப்பா?'

தப்பே இல்லை. அது நம் ஊரின் பெருமை. எம்.ஆர்.எஃப். கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை. 1952-ல் அவர் அடுத்து இறங்கிய தொழில், தேய்ந்த டயருக்கு மறுபடி ஒட்டுகிற ட்ரெட் ரப்பர். புது டயர் செய்யப் போனதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அவ்வளவு பெரிய கம்பெனிக்குப் பாதை போட்டதே பழைய டயர்!

நீங்கள் ஏறிப் போகிற அரசு பஸ் ரீட்ரெட் செய்த டயரில் ஓடுகிறது. ஆகாய விமானத்துக்கே ரீட்ரெட் டயர் உண்டு. ஆனால் அங்கே நடப்பது வேறு. முதலில் டயரின் உள்கூட்டைச் சோதிப்பார்கள். நூல் பழுதாகியிருந்தால் கழித்துவிடுவார்கள். தேறியதை மட்டும் மேலே ராவி, புது ரப்பர் பட்டையை ஒட்டி, சூட்டிலும் அழுத்தத்திலும் வேக வைப்பார்கள். அங்கே ரப்பர் கூடுகிறது. ரோட்டோரக் கத்தியில் ரப்பர் குறைகிறது. இரண்டும் ஒன்று என்று சொல்கிறவர், சட்டைக்கு ஒட்டுப் போடுவதும் சட்டையில் ஓட்டை போடுவதும் ஒன்று என்கிறார்.

மோட்டோகிராஸ் பையன்களிடம் இன்னொரு வித்தை உண்டு. மண் டிராக்கில் ஓட்டுகிற டர்ட் பைக்கின் டயரில் பட்டன்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். வேகமெடுக்கும்போது ஒரு பக்க விளிம்புதான் மண்ணைக் கொத்தி இழுக்கும். அந்த விளிம்பு மழுங்கியதும் டயரைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். தேயாத விளிம்பு முன்னால் வந்துவிடும். அதுவும் மழுங்கினால் கத்தியால் பட்டனின் ஓரத்தைச் சீவிக் கூராக்குவார்கள். ஒரு டயரில் இன்னும் சில நாள் பயிற்சி ஓடும்.

அது புத்திசாலித்தனம். சீவுவது நீட்டிக்கொண்டிருக்கிற பட்டனின் ஓரத்தை, அடிப்படுகையை அல்ல. வழுக்கினாலும் விழுவது மண்ணில். உடம்பு முழுக்கக் கவசம். முக்கியமாக, பின்னால் பல்லவன் பஸ் வராது. (பெயர் மாறி ஆண்டுகள் ஆகிவிட்டன. பயம் மாறவில்லை.)

இதே பட்டன் டயரை ஸ்டைலுக்காக மாட்டிக்கொண்டு ஈ.சி.ஆரில் பறக்கிற தம்பிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது மண்ணுக்குப் பிறந்த டயர். தார் ரோட்டில் பட்டனின் நுனிகள் மட்டுமே தரையைத் தொடும். பிடிமானமும் குறைவு, தேய்மானமும் அதிகம்.

விவரம் தெரிந்த ஒருவர் கை தூக்குகிறார். 'இருங்காட்டுக்கோட்டை ரேஸில் கோடே இல்லாத டயர்தானே போடறாங்க?' ஆமாம். ஸ்லிக் டயர். காய்ந்த தரையில் முழு ரப்பரும் ரோட்டில் பதியட்டும் என்று மிருதுவாகச் செய்த டயர். மழை வந்தால் அவர்களே கோடு போட்ட டயருக்கு மாறிவிடுவார்கள். டயரில் கோடு எதற்கு? அடியில் சிக்கிய தண்ணீர் ஓடிப்போக. போக வழியில்லாவிட்டால் சக்கரம் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது நீங்கள் பிடிப்பது பிரேக் அல்ல, சாமி காலை.

சாந்தோமில் தண்ணீர் மட்டுமா? கடற்காற்று கொண்டுவந்து போடுகிற மணல், வண்டிகள் சிந்திய ஆயில், புழுதி. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் இது எல்லாம் சேர்ந்து குழம்பாகிவிடும். அந்தக் குழம்பின் மேல் மொட்டை டயரில், கையில் வேறு பிரியாணிப் பையோடு ஒரு பையன் வருகிறான்.

*

கணக்குப் போட்டுவிடுவோம். சாதாரண பைக்கின் பின் டயர் 2,000 ரூபாய் என்று வையுங்கள். 20,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 10 பைசா. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 50 என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய். அதாவது பெட்ரோலுக்கு 200 பைசா, டயருக்கு 10 பைசா. மொட்டையான பிறகும் விடாப்பிடியாக 5,000 கிலோமீட்டர் ஓட்டினால் உங்களுக்கு மிச்சம் 500 ரூபாய். அதிலும் பாதியைப் பஞ்சர் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். மெலிந்த டயரில்தானே ஆணி சுலபமாக ஏறும்?

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் டூ வீலரில் போனவர்கள். காரணம் எழுதுகிற இடத்தில் பெரும்பாலானவை 'அதிவேகம்' என்ற ஒரே கட்டத்துக்குள் போய் விழுகின்றன. ஈர ரோட்டில், மொட்டை டயரில், நாற்பதில் போவதும் அதிவேகம்தான் என்று யார் எழுதுவது?

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி, டூ வீலர் டயரின் கோடு குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்கிறது. யார் பார்க்கிறார்கள்? சொந்த டூ வீலரை வாங்கினால் 15 வருஷத்துக்கு எஃப்.சி. கிடையாது. டிராஃபிக் போலீஸ் ஹெல்மெட் கேட்பார், லைசென்ஸ் கேட்பார், இன்ஷூரன்ஸ் கேட்பார். டயரைக் கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ரோட்டோரம் கோடு வெட்டுகிற மனிதர்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. கேட்கிறார்கள், வெட்டுகிறார். என் கோபம், பத்து நிமிடத்தில் பால் பாக்கெட், அரை மணியில் பரோட்டா என்று விளம்பரம் செய்த கம்பெனிகள்மேல். பையனின் லைசென்ஸை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அவன் இந்த நிமிடம் எந்தத் தெருவில் நிற்கிறான் என்று மேப்பில் காட்டுகிறார்கள். டயரையும் மாதம் ஒரு முறை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அனுப்பினால் மாற்றிக் கொடுக்க வேண்டி வரும். வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, டயர் அவனுடையது, மழை அவனுடையது. கமிஷன் மட்டும் அவர்களுடையது! கிலோமீட்டருக்கு அந்த 10 பைசாவையாவது அவன் கூலியில் சேர்த்துக் கொடுங்கள் ஐயா. உங்கள் ஆப்பில் 'பிளாட்பார்ம் ஃபீஸ்' என்று எங்களிடம் வாங்குவதில் அது எந்த மூலைக்கு?

*

கம்பெனி திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். டயரின் ஆயுளைக் கூட்ட நேர்மையான வழிகள் உண்டு. எல்லாம் டயர் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியவை.

காற்று. வாரம் ஒரு முறை, சக்கரம் சூடாவதற்கு முன்னால். எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், சூடும் ஏறும். கூடினால் நடுமுதுகு தேயும். பங்க்கில் காற்று இலவசம். தருவது அவர்கள் கடமை, தயங்காமல் கேளுங்கள்.

பிரேக். சிக்னல் வரை முறுக்கிப் போய் கிறீச்சென்று நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் ரோட்டில் விழுகிற கறுப்புக் கோடு உங்கள் பணம்.

பார்வை. டயரின் ஓரத்தில் சின்ன முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று எழுத்து இருக்கும். அதற்கு நேராகக் கோட்டுக்குள் ஒரு மேடு. பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் கதை முடிந்தது. 'இன்னும் ஒரு மாசம் தாங்கும்' என்று மெக்கானிக் சொன்னாலும் கேட்காதீர்கள். தேய்ந்ததைக் கொண்டுபோய் முன் சக்கரத்தில் மாட்டுகிற வேலையும் வேண்டாம். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க ஒரு நொடி கிடைக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் அதுவும் கிடைக்காது.

கடைசியாக, புது டயர் மாற்றுகிற அன்று ஒரு காரியம் செய்யுங்கள். பழைய டயரைக் கடையில் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். அது கத்திக்குப் போய், பாலிஷ் பூசிக்கொண்டு, உங்களைவிட ஏழையான ஒருவனின் வண்டியில் ஏறும். போகிக்குக் கொளுத்தவும் வேண்டாம், அந்தப் புகை உங்கள் தெருக் குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். பழைய டயரை மறுசுழற்சி செய்கிற பொறுப்பை 2022-ல் மத்திய அரசு டயர் கம்பெனிகளிடமே ஒப்படைத்திருக்கிறது. அரைபட்டுத் தூளாகட்டும், காசிமேட்டில் படகு இடிபடாமல் காக்கத் தொங்கட்டும். மறுபடி ரோட்டுக்கு மட்டும் வரக்கூடாது.

அதனால் கடைக்காரரிடம் சொல்லுங்கள்: 'அண்ணே, என் கண் முன்னாடி சைடுல ஒரு கிழி கிழிச்சிடுங்க.'

அவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். கிழிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.