கோபாலகிருஷ்ண பாரதியார் என்ன, துக்கடா போட்டவரா?

டிசம்பர் மாதச் சென்னை சபாக்களில் ஒரு வழக்கம் உண்டு. தனி ஆவர்த்தனத்தின்போது பாதிப் பேர் கேன்டீனுக்குப் போய்த் திரும்பியிருப்பார்கள். கச்சேரி முடியப் போகிறது. பாடகர் கண்ணை மூடிக்கொண்டு மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ' என்று உருகுவார். ஐந்து நிமிடம். கைதட்டல். அப்புறம் தில்லானா, மங்களம், ஆட்டோ. யார் யாரிடம் வரலாமா என்று கேட்கிறார், ஏன் கேட்க வேண்டியிருக்கிறது என்று யாருமே கேட்பதில்லை. கேட்டால் கேன்டீன் போண்டா செரிக்காது என்று பயமோ என்னவோ!

கேட்பவன் நந்தன். பண்ணையில் வேலை செய்யும் தீண்டாதவன். சிதம்பரம் வரை வந்துவிட்டான், கோயிலுக்குள் போக முடியாது. அந்த இடத்தில் நின்று பாடும் பாட்டு அது. எழுதியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயவரம் என்று காவிரிக் கரையிலேயே வாழ்ந்து 1896இல் மறைந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கர்நாடக சங்கீதத்தோடு இந்துஸ்தானியும் கற்றவர். இவ்வளவும் கச்சேரி ரசிகர்களுக்குத் தெரியும். 'சபாபதிக்கு' ஆபோகியில் எப்படிப் பிறந்தது, அதில் தியாகராஜர் எங்கே வருகிறார் என்ற கதையையும் சுவையாகச் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, 'நந்தனார் சரித்திர'த்தில் அவர் செய்த காரியத்தை.

சேக்கிழாரின் பெரிய புராணத்தில் நந்தனாருக்குப் பண்ணையார் கிடையாது. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது, தில்லையில் நெருப்பில் இறங்கி எழுகிறார், அவ்வளவுதான். பிராமண நிலச்சுவான்தார் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தவர் பாரதியார், அவரே பிராமணர்! சிதம்பரம் போக லீவு கேட்ட நந்தனிடம் அந்தப் பண்ணையார், நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அப்படியானால் 40 வேலி 260 ஏக்கரைத் தாண்டும். முடியாது என்று தெரிந்தே போடுகிற கண்டிஷன். கையெழுத்தும் இல்லை, கூலியும் இல்லை. கடைசியில் சிவபெருமான்தான் ஒரே ராத்திரியில் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆங்கிலேயர் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது என்று சொன்னது 1843இல். பாரதியாரின் நூல் அச்சானது 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த சீசையா என்ற பிரெஞ்சு அதிகாரியின் முயற்சியால். சட்டப் புத்தகத்தில் அடிமை இல்லை, ஆனால் தஞ்சை வயலில் பண்ணையாள் இருந்தான். அவனுக்கென்று தனியாகப் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று. நடுவில் ஏறத்தாழ 90 வருடம்!

அந்தக் காலத்துப் பண்டிதர்களுக்கும் இந்த நூலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தராமல் இழுத்தடித்தார். இலக்கணப் பிழை இருக்கிறதாம். கடைசியில் பாரதியார் பாடக் கேட்டுத்தான் மனம் கரைந்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். பிழை இருந்திருக்கலாம். நொண்டிச்சிந்தும் கண்ணியும் கலந்து தெருவில் போகிறவனுக்கும் புரிகிற மாதிரி எழுதியவரிடம் வேறு என்ன எதிர்பார்த்தார்கள்?

அனந்தபுரம், செஞ்சி, மேலச்சேரி பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திரௌபதை அம்மன் கோயில் கூத்தில் துகிலுரிதல் பாட்டை மட்டும் தனியே பிய்த்து எடுத்து, 'ஆஹா, என்ன ராகம்' என்று தலையாட்டிவிட்டு எழுந்து போகச் சொல்லிப் பாருங்கள். அடிக்க வருவார்கள்! பாட்டு கதையோடுதான் வரும். துச்சாதனன் இல்லாமல் பாஞ்சாலி எதற்கு அழுகிறாள்? பண்ணையார் இல்லாமல் நந்தன் எதற்கு ஏங்குகிறான்?

வெளிநாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. ஸ்பெயினின் மானுவல் டி ஃபாயா 'லா வீதா பிரேவே' என்று ஒரு இசை நாடகம் எழுதினார். 1913இல் பிரான்ஸின் நீஸ் நகரில் அரங்கேறியது. கிரானடாவின் ஏழை ஜிப்ஸிப் பெண்ணை வசதியானவன் ஒருவன் கைவிட்டுவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அந்தக் கல்யாண வீட்டிலேயே அவள் விழுந்து சாகிறாள். அதே வீட்டில் ஆடும் நடனத்தின் இசையை கிரைஸ்லர் வயலினுக்கு மாற்றி எழுதினார். இன்று கச்சேரி முடிவில் ஜாலியாக வாசிக்கிறார்கள். அவர்கள் ஊர்த் துக்கடா!

உடனே ஒரு கேள்வி வரும். அந்த பாரதியாரே கடைசியில் நந்தனை நெருப்பில் இறக்கித்தானே கோயிலுக்குள் அனுப்புகிறார், இது என்ன புரட்சி? நியாயமான கேள்வி. சேக்கிழார் போட்ட நெருப்பை அணைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. புரட்சிக்காரர் என்று அவருக்கு மாலை போட வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சண்டையைப் போடுவதற்கே நெருப்பும் பண்ணையாரும் முழுசாக மேடைக்கு வர வேண்டாமா? பாட்டை மட்டும் நறுக்கிப் பாடும்போது அவருடைய துணிச்சலும் தெரிவதில்லை, பயமும் தெரிவதில்லை. பக்தி மட்டும் மிஞ்சுகிறது. அது யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியபோது நடந்த சண்டை, தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் இடம் வேண்டும் என்பது. இடம் கிடைத்தது, வாலில். அந்த வாலை நடுவுக்கு நகர்த்தினால் மட்டும் போதாது. கச்சேரி இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடுகிறது. சீசனில் ஒரே ஒரு சாயங்காலம், ஆதனூர்ச் சேரியில் தொடங்கி, பண்ணையாரின் அதட்டலையும் விடாமல், தில்லை வரைக்கும் வரிசையாகப் பாடட்டும். 'வருகலாமோ' வரும்போது எத்தனை பேர் கேன்டீனில் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு எண்ணிப் பார்க்கலாம்.